கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று: கணவனும் மனைவியும் சேர்ந்து பருவக் கடிதம் எழுதும் முறை

நானும் என் கணவரும் திருகோணமலையில், உவர்மலையில் இருக்கிறோம். மகன் டொரொண்டோவில், மகள் கொழும்பில். கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், லண்டனில். என் அம்மா கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில், தம்பி வீட்டில். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள் வீடியோ அழைப்பில் மகன் கேட்டான்: "அம்மா, பின்வளவில நின்ற மாமரம் எங்க?" அதைத் தறித்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கிழமைக்கு மூன்று தடவை பேசுகிறோம். சாப்பாடு, மழை, காசு, காய்ச்சல் எல்லாம் பேசியிருக்கிறோம். அவன் ஏறி விளையாடிய மரம் போனதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவும் இல்லை. பேச்சில் அதற்கு ஒரு இடம் வரவேயில்லை.

அன்றிலிருந்து வருடத்துக்கு நாலு தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுகிறோம். அந்தப் பருவத்தில் வீட்டிலும் ஊரிலும் நடந்தது, எங்கள் உடம்பு, மனது, கடைசியில் "இப்போது எங்களுக்குப் பிடித்தவை" என்று ஒரு பக்கம். ஒரே கடிதம் எல்லோருக்கும் போகும். நீங்களும் தொடங்க விரும்பினால், நாங்கள் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட முறை இதுதான்.

முதலில் காலத்தைக் குறியுங்கள்

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என்று கலண்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தோம். இரண்டு கடிதத்திலேயே அது சரிவரவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் திகதி வந்துவிடும். நிறைய இருக்கும்போது திகதி இன்னும் வந்திருக்காது. ஊரின் பருவத்தோடு கடிதத்தைக் கட்டிய பிறகுதான் அது தானாக நடக்கத் தொடங்கியது.

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், காற்றுத்தான் பருவம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் காய்ந்த காற்றாக வரும். உடுப்பு அரை மணித்தியாலத்தில் காயும், உதடு வெடிக்கும், கிணறு கீழே போகும். அதே நேரத்தில்தான் எங்கள் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டுக்காரர் நிறைவார்கள், புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும், கரைவலை இழுப்பார்கள். புரட்டாசி, ஐப்பசியில் பின்னேரம் இடி முழக்கத்தோடு மழை தொடங்கும், தம்பலகாமத்து வயல்களில் பெரும்போகத்துக்கு விதைப்பார்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை வாடை. கடல் கொந்தளிக்கும், மீன் விலை ஏறும், வீட்டுச் சுவரில் ஈரம் ஊறும். மாசி, பங்குனியில் வானம் வெளிக்கும், அறுவடை, சிவராத்திரி, அதையடுத்துக் கோணேசர் நகர்வலம்.

ஆக, எங்களுக்கு நாலு கடிதம்: கச்சான் கடிதம், விதைப்புக் கடிதம், வாடைக் கடிதம், அறுவடைக் கடிதம். ஒவ்வொன்றையும் அந்தப் பருவம் நடுவுக்கு வந்த பிறகு எழுதுகிறோம். தொடக்கத்தில் எழுதினால் எதிர்பார்ப்புத்தான் இருக்கும். முடிவில் எழுதினால் பாதி மறந்துபோகும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் காற்று இப்படித் தெளிவாக மாறாமல் இருக்கலாம். பள்ளிக்கூடத் தவணை, கோயில் திருவிழா, பனங்காய் விழும் காலம், எதுவானாலும் சரி. உங்கள் இரண்டு பேருடைய அன்றாட வேலையும் எதனால் மாறுகிறதோ, அதைக் குறியாகப் பிடியுங்கள்.

ஒரு கொப்பி, இரண்டு பேனை

கடிதம் எழுத உட்காரும் நாளில் "என்ன நடந்தது?" என்று யோசித்தால் ஒன்றும் வராது. எல்லோரும் சுகம், வெயில் கூட என்பதோடு நின்றுவிடும். அதனால் குசினி மேசையில் ஒரு எண்பது பக்கக் கொப்பி கிடக்கிறது. நான் நீலப் பேனை, இவர் கறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிழமைக்கு மூன்று வரி சேர்ந்தால் ஒரு பருவத்துக்கு முப்பத்தைந்து, நாற்பது வரி இருக்கும். அதற்கு மேல் தேவையில்லை.

என்ன மாதிரி வரி என்பதில் கவனம் வேண்டும். "வெயில் கடுமை" என்று எழுதினால் மூன்று மாதத்துக்குப் பிறகு அது ஒன்றையும் நினைவூட்டாது. எங்கள் கொப்பியில் போன ஆடியில் இவர் எழுதியது: "வாளிக் கயிறு இரண்டு முழம் கூட இறங்குது." நான் எழுதியது: "கோட்டை வாசலில் மான் ஒன்று சைக்கிள் கூடையில் இருந்த கீரையைச் சாப்பிட்டது. சைக்கிள்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்." திருமலையில் மான்கள் தெருவில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மகனுக்கு அதைப் படிக்கும்போது கோட்டைக்குள் நடந்து கோயிலுக்குப் போன சின்ன வயது வந்துவிடுகிறது. உங்களுக்குச் சாதாரணமாகப் படுவதைத்தான் தூரத்தில் இருப்பவர் தேடுகிறார்.

அளவு, விலை, நேரம், நிறம், யார் என்ன சொன்னார் என்பது, இவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

இரண்டு பேரும் எழுத வேண்டும்

இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் முதல் கடிதத்தை முழுக்க நானே எழுதினேன். எல்லா வரியும் "நாங்கள்" என்றுதான் இருந்தது. நாங்கள் கோயிலுக்குப் போனோம், நாங்கள் மதில் கட்டினோம், எங்களுக்குச் சந்தோஷம். மச்சாள் லண்டனில் இருந்து எடுத்துச் சொன்னார்: "கடிதம் நல்லா இருக்கு. ஆனா தம்பிட சத்தத்தையே காணல்லையே." உண்மைதான். மதில் கட்டியது அவர். அந்த நாற்பது நாளும் அவர் பட்ட பாடு "நாங்கள்" என்ற சொல்லுக்குள் காணாமல் போயிருந்தது.

இப்போது செய்வது இது. கொப்பியை நடுவில் வைத்து இருவரும் தனித்தனியாக வாசிப்போம். அவரவர் ஏழு வரிகளுக்குப் புள்ளி போடுவோம். இரண்டு பேரும் புள்ளி போட்டது ஏதும் இருந்தால் அது கட்டாயம் கடிதத்தில் வரும். அதை யார் எழுதுவது என்று பேசி முடிவெடுப்போம். மற்றவற்றை அவரவரே எழுதுவோம், "நான்" என்று தொடங்கி. ஒருவர் பகுதியை மற்றவர் திருத்துவதில்லை. எழுத்துப்பிழை கண்டால் சொல்லலாம், கருத்தில் கை வைக்கக் கூடாது. என் கணவர் நாலு சொல்லில் ஒரு வசனம் எழுதுவார். எனக்கு அது மொட்டையாகத் தெரியும். ஆனால் அக்காவுக்கு அதுதான் தம்பி.

"நான் எழுத மாட்டேன், எனக்கு வராது" என்று ஒருவர் சொன்னால், கட்டாயப்படுத்தாதீர்கள். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் கேள்வி கேட்டு அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். "இந்த மூன்று மாதத்தில் எந்த வேலை முடிந்தது நிம்மதி?" "யாரைக் கண்டு சந்தோஷப்பட்டீர்கள்?" "எது இன்னும் முடியாமல் கிடக்குது?" இந்த மூன்று கேள்வியும் போதும். எழுதியதை வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே கடிதத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் இரண்டாவது, மூன்றாவது கடிதங்களில் இவருடைய பகுதி அப்படித்தான் வந்தது. நாலாவதில் தானே பேனையை எடுத்தார்.

கெட்ட செய்தியை எப்படி எழுதுவது

இதில் நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டோம். எனக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த பருவத்தில், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று நேராகக் கடிதத்தில் எழுதி அனுப்பினோம். மகன் வாசித்துப் பதறி, மூதூரில் இருக்கும் என் தம்பிக்கு எடுத்தான். தம்பி அம்மாவுக்குச் சொன்னான். குடாவுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தி டொரொண்டோ போய்ச் சுற்றி வந்து சேர்ந்தது. அம்மா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அந்த வருத்தம் நியாயமானது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். உடம்பு, மரணம், வேலை போவது, பிள்ளைகளின் கலியாணப் பேச்சு போன்ற செய்திகளைக் கடிதம் முதன்முதலாகச் சொல்லக் கூடாது. யாரை அது அதிகம் தொடுமோ, அவருக்கு முதலில் நேரே போய் அல்லது போனில் சொல்ல வேண்டும். எல்லோரும் அறிந்த பிறகு, கடிதத்தில் அது எப்படி இருந்தது என்று எழுதலாம். எத்தனை நாள் கட்டுப் போட்டிருந்தேன், யார் சமைத்தார், கட்டு அவிழ்த்ததும் முதலில் எதைப் பார்த்தேன் என்பதெல்லாம் போனில் சொல்ல வராதவை. அவை கடிதத்துக்கு உரியவை.

இன்னொன்று. பயத்தைக் குறைத்து எழுத வேண்டாம், கூட்டியும் எழுத வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் வரைபடத்தையும் சுழலும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருந்தார்கள். அந்த வாடைக் கடிதத்தில் இவர் எழுதிய பகுதி இவ்வளவுதான்: "கூரை போகல்ல. முருங்கை சரிஞ்சது. விடியச் சாமம் வரை அம்மாவும் நானும் நடு அறையில் இருந்தோம். பயம்தான். காலையில் முதல் வேலையாக முருங்கைக் காய் எல்லாம் பொறுக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் குடுத்தோம்." மகள் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். ("அம்மா" என்று அவர் எழுதியது என்னைத்தான். பிள்ளைகளுக்கு எழுதும்போது அப்படித்தான் வரும்.)

கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் இருக்கும் பருவமும் வரும். அப்போது கடிதத்தைத் தள்ளிவையுங்கள். கோபத்தில் எழுதினால், எழுதாத வரியிலும் அது தெரியும். நாங்கள் ஒரு முறை விதைப்புக் கடிதத்தை ஐந்து கிழமை பிந்தி அனுப்பினோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது எங்களுக்குப் பிடித்தவை

கடிதத்தின் கடைசிப் பக்கம் இது. எல்லோரும் முதலில் திருப்புவதும் இதைத்தான். ஆளுக்கு மூன்று. சாப்பாடு ஒன்று, இடம் ஒன்று, மூன்றாவது எதுவும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் பட்டியலாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல இடம் இருக்காது. காரணம்தான் முக்கியம். "தயிர் பிடிக்கும்" என்பதில் ஒன்றும் இல்லை. ஏன் இந்தப் பருவத்தில், எங்கே வாங்கியது, யாரோடு, எப்படிச் சாப்பிட்டது என்று வர வேண்டும். ஒரு ஒழுங்கு கட்டாயம்: போன கடிதத்தில் வந்தது இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. அந்த ஒழுங்கு இருப்பதாலேயே மூன்று மாதம் முழுக்க கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோம்.

மாதிரிக்கு, இந்தக் கச்சான் கடிதத்தில் நாங்கள் எழுதியதைத் தருகிறேன்.

என் சாப்பாடு பாலைப்பழம். காட்டுப் பக்கத்தில் இருந்து கொண்டுவந்து தெருவோரத்தில் பேணியால் அளந்து விற்பார்கள். மஞ்சள் நிறம், விரல் நுனி அளவு, தேன் மாதிரி இனிப்பு. அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சாப்பிட முன் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வேன். இந்த முறை வாங்கிய இரண்டு பேணியில் ஒன்றை வீட்டுக்கு வரும் வழியிலேயே முடித்துவிட்டேன் என்று எழுதியதற்கு, மச்சாள் லண்டனில் இருந்து குரல் செய்தி அனுப்பினார். பழத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாங்கள் சின்ன வயதில் பாலைப்பழம் பொறுக்கப் போன கதைதான் ஆறு நிமிடம்.

என் இடம் சுவாமி மலை. காலை ஐந்தரைக்குக் கோட்டை வாசலால் உள்ளே போனால், மரத்தடியில் மான்கள் இன்னும் படுத்திருக்கும். கோணேசரைக் கும்பிட்டுவிட்டுப் பாறையோரம் நின்றால் சூரியன் கடலில் இருந்து நேரே எழும். வைகாசி, ஆனியில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், தூரத்தில் திமிங்கிலம் ஊதும் நீர் தெரிவதும் உண்டு. இந்தப் பருவத்தில் ஒரு தடவை கண்டேன். மூன்றாவது, மண் கூசா. குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு, கூசாவில் வைத்து யன்னல் ஓரம் வைக்கிறேன். கச்சான் பட்டுப் பட்டு அது தானாகக் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் கூசாவின் மேலே கசியும் நீர் வேகமாக ஆவியாகும். வாடை காலத்தில் அதே கூசா இவ்வளவு குளிர்வதில்லை.

இவருடைய சாப்பாடு கிண்ணியாவில் இருந்து வரும் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம். கித்துள் பாணி விடச் சொல்வேன், இவருக்குச் சர்க்கரைதான். இவர் எழுதியது தயிரில் தொடங்கிப் பாலத்துக்குப் போய்விட்டது: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கம் போவதென்றால் பாதையில்தான். பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையை. அந்த நாட்களில் பாதைக்காகக் காத்து நின்ற இடத்தில், மடியில் தயிர்ச் சட்டியோடு தன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததை எழுதியிருந்தார். இருபத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் எனக்கு அந்தக் கதை தெரியாது.

இவருடைய இடம் உட்துறைமுக வீதி, பின்னேரம், சைக்கிளில். மூன்றாவது, கடற்கரையில் இருந்து சாப்பிடும் கச்சான் சுருள். நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். கச்சான் காற்றில் கச்சான் கொட்டையை உடைத்தால் கோது தானே பறந்துபோகும் என்று எழுதியிருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒத்துவராததையும் விடாமல் எழுதுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போவது இவருக்குப் பிடிக்கும், எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். இராவணன் தன் தாயின் இறுதிக் கடமையைச் செய்வதற்காக உண்டாக்கியது என்று ஊரில் கதை. மாமி காலமான வருடம், வாடைக் கடிதத்தில் இவர் பிடித்தவை மூன்று எழுதவில்லை. ஒன்றுதான் எழுதினார்: "கன்னியா. விடிய நாலரை. ஒருவரும் இல்லை. வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். அம்மா குளிக்க வார்த்த தண்ணி மாதிரி இருந்தது." அந்த வருடம் நானும் அவரோடு போனேன்.

அனுப்புவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. கையால் எழுதி, போனில் படம் எடுத்து, பி.டி.எப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கையெழுத்தைத் தட்டச்சாக மாற்ற வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் அசல் தாள் போகும், தபாலில் அல்லது மூதூர் போகும் யாரிடமாவது. படம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்றில் ஆட்கள் இல்லாமல் இருக்கட்டும்: கிணறு, குசினி யன்னல், புதுப் படலை.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு விளங்கும், எழுத்து வாசிக்க வராது. அவர்களுக்காகக் கடிதத்தை இருவரும் மாறி மாறி வாசித்துப் பதிவு செய்கிறோம். அவரவர் எழுதியதை அவரவரே வாசிப்போம். எட்டு நிமிடத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பின்னணியில் அணில் கத்தியதைக் கேட்டுப் பேத்தி அதை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றாளாம். அதிலிருந்து பதிவுக்கு அறைக் கதவைச் சாத்துவதில்லை, பின்விறாந்தையில் இருந்து வாசிக்கிறோம்.

பதிலாக அவர்களிடமும் கடிதம் கேட்காதீர்கள். கடமையாகிவிட்டால் வாசிக்கவும் பயப்படுவார்கள். இரண்டாவது வருட முடிவில் மகளிடம் இருந்து தானாக ஒரு பக்கம் வந்தது. தலைப்பு, "கொழும்பில் எனக்கு இப்போது பிடித்தவை". முதலாவது, இரவு திருமலைக்கு வரும் ரயிலில் யன்னல் ஓர இருக்கை.

எடுத்து வைப்பது

ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் பருவப்படி நாலு கோப்புகளில் வைத்திருக்கிறோம். கச்சான் எல்லாம் ஒன்றாக, வாடை எல்லாம் ஒன்றாக. புதுக் கடிதம் எழுதும் முன் அதே பருவத்துப் பழைய கடிதங்களை வாசிப்போம். கிணறு எந்த வருடம் எவ்வளவு இறங்கியது, மழை எந்தக் கிழமை தொடங்கியது, யார் அப்போது எங்களோடு இருந்தார் என்றெல்லாம் தெரியும். வருடப்படி அடுக்கினால் அந்த ஒப்பீடு கிடைக்காது.

சரி, இன்று காலை கொப்பியைத் திறந்தேன். கறுப்புப் பேனையில் ஒரு வரி இருந்தது: "தறிச்ச மாமரத்தடியில பறவை எச்சத்தில முளைச்ச கன்று ஒண்டு. நாவல் எண்டு நினைக்கிறன். பிடுங்க வேண்டாம்." மகனுக்கு இந்த முறை அதை முதல் வரியாக எழுதப் போகிறேன்.